நல்ல ஓநாய்மனிதன் படங்கள் ஏன் இத்தனை அரிதாக வருகின்றன?

இரவுக்காட்சி எழுதியது:

லீ வானெல் இயக்கிய 'வுல்ஃப் மேன்' (2025) பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன். 2020இல் 'தி இன்விசிபிள் மேன்' கதையை எடுத்து, கொடுமைக்காரக் காதலனிடமிருந்து தப்பும் ஒரு பெண்ணின் பார்வையில் புதிதாகச் சொன்னவர் அவர். யுனிவர்சல் நிறுவனத்தின் இன்னொரு பழைய அரக்கனும் அவர் கைக்கு வந்துசேர்ந்தது என்றதும் நிறையவே எதிர்பார்த்தேன். படத்தில் அருமையான இடங்கள் உண்டு. தொற்று ஏறிய நாயகன் பிளேக்கின் காதுக்குள் நாமும் நுழைகிறோம். சிலந்தி ஊரும் ஓசை இடிபோல் கேட்கிறது. எதிரே நிற்கும் மனைவி பேசுவது பொருளற்ற ஒலியாகிவிடுகிறது. இப்படியொரு காட்சியை இந்த வகைப் படங்களில் நான் முன்பு பார்த்ததில்லை. ஆனாலும் படம் முடிந்தபோது மனம் நிறையவில்லை.

மற்றப் பேய்களின் நிலையைப் பாருங்கள். இரத்தக்காட்டேரிக்கு 'லெட் தி ரைட் ஒன் இன்' (2008) கிடைத்தது. ராபர்ட் எக்கர்ஸின் 'நோஸ்ஃபெராட்டு' (2024) வந்தது. அடுத்த ஆண்டே ரயன் கூக்ளரின் 'சின்னர்ஸ்' வந்தது. நடைப்பிணங்களுக்கோ பஞ்சமே இல்லை. ஓநாய்மனிதனுக்கு மட்டும் 1981 ஒரு பொற்காலம்: 'தி ஹவ்லிங்', 'வுல்ஃபென்', 'அன் அமெரிக்கன் வேர்வுல்ஃப் இன் லண்டன்' மூன்றும் அந்த ஓராண்டிலேயே வந்தன. பிறகு 2000இல் 'ஜிஞ்சர் ஸ்னாப்ஸ்', 2002இல் 'டாக் சோல்ஜர்ஸ்'. அதற்குப் பின் தயங்காமல் ஒருவருக்குப் பரிந்துரைக்கக்கூடிய படங்களை நினைத்துப் பார்த்தால் விரல்கள் மடங்க மறுக்கின்றன. ஏன் இப்படி?

ஒப்பனைக்காரர் எழுதியது:

மேடை நாடகங்களுக்கும் தொலைக்காட்சித் தொடர்களுக்கும் ஒப்பனை செய்பவன் நான். என் பக்கத்திலிருந்து ஒரு காரணம் சொல்கிறேன்.

இரத்தக்காட்டேரிக்கு இரண்டு பற்களும் கொஞ்சம் வெள்ளைப் பூச்சும் போதும். நடைப்பிணத்துக்குக் கிழிந்த சட்டையும் இரத்தமும் போதும், கூட்டத்தில் பின்வரிசையில் நிற்பவர்களுக்கு முகமூடி மாட்டிவிடலாம். ஓநாய்மனிதனுக்கு அப்படி ஒதுங்க இடமே இல்லை. மனிதன் விலங்காவதை ரசிகர்கள் பார்த்தே ஆகவேண்டும். அந்த ஒரு காட்சி தோற்றால் படமே தோற்றது. நுரை ரப்பரில் செய்த முகத்துண்டுகள் பெரும்பாலும் ஒருநாள்தான் உழைக்கும். கழற்றும்போதே கிழிந்துவிடும். மறுநாள் படப்பிடிப்புக்குப் புதிதாக இன்னொன்று வார்க்கவேண்டும். நடிகர் விடியுமுன்னே வந்து நாற்காலியில் உட்காரவேண்டும். தயாரிப்பாளர் இதையெல்லாம் கேட்டதும் "பிறகு கணினியில் பார்த்துக்கொள்ளலாம்" என்றுதான் சொல்வார்.

1941இல் 'தி வுல்ஃப் மேன்' படத்துக்காக ஜாக் பியர்ஸ், லான் சேனி ஜூனியர் முகத்தில் யாக் எருமையின் முடியை ஒட்டினார். ஒரு நிலை ஒப்பனையைப் படமெடுத்து, அடுத்த நிலையைச் செய்து, ஒன்றின்மேல் ஒன்றாகக் கரைத்துக் காட்டினார்கள். கவனித்துப் பாருங்கள், அந்தப் படத்தில் அவன் முதலில் மாறும்போது நாம் காண்பது கால்களைத்தான். 1981இல் 'அன் அமெரிக்கன் வேர்வுல்ஃப் இன் லண்டன்' எடுத்த ஜான் லாண்டிஸ் அந்தக் கரைத்தல் வித்தை வேண்டாம், நிறைந்த வெளிச்சத்தில் ஒரு வீட்டு வரவேற்பறையில் மாற்றம் நடக்கட்டும் என்றார். ஒப்பனைக் கலைஞர் ரிக் பேக்கர் செய்ததைப் பாருங்கள். உள்ளிருந்து நீளும் இயந்திரக் கை, தானே முன்னுக்குத் தள்ளும் முகம். உடலில் முடி முளைப்பதற்கு, ஒட்டிய முடியைப் பின்பக்கத்திலிருந்து உள்ளே இழுத்துப் படமெடுத்து, அதைப் பின்னோக்கி ஓட்டினார்கள்! தரையில் துளையிட்டு நடிகரின் உண்மை உடலை அடியில் மறைத்து, மேலே பொய் உடலைப் பொருத்தினார்கள். சிறந்த ஒப்பனைக்கென்று ஆஸ்கர் தனிப் பிரிவாகத் தொடங்கியபோது முதல் விருது அவருக்கே கிடைத்தது. பேக்கர் முதலில் ஒப்புக்கொண்டிருந்தது 'தி ஹவ்லிங்' படத்தை. லாண்டிஸ் அழைத்ததும் அதைத் தன் இளம் சீடர் ராப் பாட்டினிடம் விட்டுப்போனார். பாட்டினோ தோலுக்கடியில் காற்றுப்பைகளை ஊதவைத்து, குருவுக்கு நிகராக நின்றார்.

அதே பேக்கர் 2010இல் 'தி வுல்ஃப்மேன்' படத்துக்கு வந்தார். பெனிசியோ டெல் டோரோ, ஆந்தனி ஹாப்கின்ஸ் என்று பெரிய நடிகர்கள், பெரும் பணம். இயக்குநர் மார்க் ரோமனெக் படப்பிடிப்பு தொடங்குமுன் விலக, ஜோ ஜான்ஸ்டன் வந்தார். முழு ஓநாய்மனிதன் தோற்றத்துக்கு பேக்கரின் ஒப்பனை, டேவ் எல்சியோடு சேர்ந்து ஆஸ்கரும் வாங்கினார். ஆனால் உருமாறும் காட்சிகளைக் கணினிக்குக் கொடுத்துவிட்டார்கள். உலகத்தில் அந்தக் காட்சியை எடுக்க மிகத் தகுதியான ஒரு மனிதரை அருகில் வைத்துக்கொண்டே! என் தொழிலில் இருப்பவர்களுக்கு இது ஆறாத வருத்தம்.

நெல்லைவாசி எழுதியது:

ஒப்பனை அண்ணனின் பதிவை அப்படியே ஏற்கிறேன். ஆனால் பணம்தான் தடை என்றால் 'டாக் சோல்ஜர்ஸ்' எப்படி வந்தது? நீல் மார்ஷலின் முதல் படம், சின்னச் செலவு. ஸ்காட்லாந்து மலைக்காடு என்று காட்டியதில் பெரும்பகுதி லக்சம்பர்க்கில் எடுத்தது. உருமாற்றத்தை ஏறக்குறைய மறைத்தே விட்டார். ரப்பர் உடையணிந்த நெட்டை உருவங்களை இருட்டில், சன்னல் வழியாக, அரைநொடி காட்டுகிறார். ஒரு வீட்டுக்குள் மாட்டிக்கொண்ட சிப்பாய்கள், தீர்ந்துகொண்டே வரும் தோட்டாக்கள், விடியும்வரை தாக்குப்பிடிக்க வேண்டும். கதை எளிது, வேகம் குறையவில்லை. இன்றைக்குப் பார்த்தாலும் நாற்காலி நுனிக்கு வந்துவிடுகிறேன்.

குறை பணத்தில் இல்லை. எடுப்பவர்களுக்கு ஓநாயின்மேல் மதிப்பு இல்லை. 'அண்டர்வேர்ல்டு' (2003) படத்தில் இரத்தக்காட்டேரிகள் தோலாடை அணிந்து மாளிகையில் இருப்பார்கள், ஓநாய்கள் சாக்கடையில் ஓடும். 'ட்வைலைட்' வரிசையில் ஓநாய் என்பது காதலில் தோற்கும் இரண்டாம் நாயகன். வேலைக்காரப் பதவியை மட்டும் கொடுத்தால் அதற்கு எப்படி நல்ல படம் வரும்?

பழங்கதைப்பித்தன் எழுதியது:

இன்னொரு காரணமும் உண்டு. டிராகுலாவுக்கு 1897இல் பிராம் ஸ்டோக்கரின் நாவல். ஃபிராங்கன்ஸ்டைனுக்கு 1818இல் மேரி ஷெல்லி. யார் படமெடுத்தாலும் அந்த மூலத்தோடு மல்லுக்கட்டவேண்டும். அந்த மல்லுக்கட்டிலிருந்தே புதுமை பிறக்கும். ஓநாய்மனிதனுக்கு எல்லாரும் அறிந்த மூலநூல் இல்லை. கை எண்டோர் 1933இல் எழுதிய பாரிஸ் ஓநாய்மனிதன் நாவல் நல்ல நாவல்தான், ஹாமர் நிறுவனம் 1961இல் ஆலிவர் ரீடை வைத்து அதைத் தழுவிப் படமும் எடுத்தது. ஆனாலும் டிராகுலாவின் இடத்தை அது பிடிக்கவில்லை.

நாம் "பழைய நம்பிக்கை" என்று நினைக்கும் பலவும் ஒரே மனிதரின் திரைக்கதையால் பரவியவை. கர்ட் சியோட்மாக், ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் ஜெர்மனியைவிட்டு வெளியேறிய யூதர். 1941 படத்தில் வரும், மனிதன் ஓநாயாவது பற்றிய நான்கு வரிப் பாட்டை நாட்டுப்புறப் பாட்டென்றே பலர் நம்புகிறார்கள். அவரே எழுதியது அது. அடுத்துப் பலியாகப்போகிறவரின் உள்ளங்கையில் நட்சத்திரம் தெரியும் என்பதும் அந்தப் படத்தில்தான். அந்த நட்சத்திரத்தில் யூதர்கள்மேல் தைக்கப்பட்ட மஞ்சள் நட்சத்திரத்தைப் பார்ப்பவர்கள் உண்டு. நேற்றுவரை அண்டைவீட்டுக்காரனாக இருந்தவன் இன்றிரவு கொலைகாரனாக மாறிவிடும் அச்சம் சியோட்மாக்குக்குக் கற்பனையாக இருந்திருக்காது. பின்வந்தவர்கள் அவருடைய விதிகளை எடுத்துக்கொண்டார்கள், அவருடைய அச்சத்தை விட்டுவிட்டார்கள்.

மூலம் வேண்டுமென்றால் பழங்கதையில் குவிந்துகிடக்கிறது. பெட்ரோனியஸின் ரோமானியக் கதையில், கல்லறைகளுக்கிடையில் நிலவொளியில் ஒரு படைவீரன் ஆடைகளைக் களைந்து, அவற்றைச் சுற்றிச் சிறுநீர் கழித்துவிட்டு ஓநாயாகி ஓடுகிறான். பன்னிரண்டாம் நூற்றாண்டில் மாரி த ஃபிரான்ஸ் எழுதிய 'பிஸ்க்லாவ்ரே' கவிதையில், வாரத்தில் மூன்று நாள் காணாமல்போகும் பிரபு, மனைவி கெஞ்சிக் கேட்டபின் தன் இரகசியத்தைச் சொல்கிறான். அவள் அஞ்சிப்போய், தன்மேல் ஆசைகொண்ட வேறொருவனை அனுப்பி அவன் ஆடைகளைத் திருடவைக்கிறாள். ஆடை இல்லாமல் அவன் மனிதனாகத் திரும்ப முடியாது. ஓநாயாகவே அரசனின் காலடியில் போய்ப் படுக்கிறான். இதைப் படமாக்கக் கோடிகள் வேண்டாம், ஒரு நல்ல நடிகையும் ஒரு நல்ல நாயும் போதும்.

தேன்மொழி எழுதியது:

இந்த இழையில் 'ஜிஞ்சர் ஸ்னாப்ஸ்' பெயரளவில் கடந்துபோய்விட்டதே! எனக்கு அதுதான் இந்த வகையின் உச்சம்.

கனடாவின் ஒரு புறநகர். பிரிஜிட், ஜிஞ்சர் என்று இரண்டு சகோதரிகள். பதினாறு வயதுக்குள் இந்த ஊரைவிட்டுப் போய்விடவேண்டும், இல்லையேல் சேர்ந்து சாகவேண்டும் என்று சின்ன வயதிலேயே சத்தியம் செய்துகொண்டவர்கள். அக்கா ஜிஞ்சருக்கு முதல் மாதவிலக்கு வந்த இரவில் ஓநாய் கடிக்கிறது. அதன்பின் அவள் உடலில் நடப்பவை எல்லாம், எந்தப் பெண்ணுக்கும் சொல்லப்படும் "வளர்ச்சி" என்ற சொல்லுக்குள் ஒளிந்துகொள்கின்றன. பள்ளிச் செவிலியிடம் போனால், இரத்தமும் முடியும் இயல்புதான் என்று சிரித்த முகத்தோடு அனுப்பிவிடுகிறாள். பெண்ணின் வலியை உலகம் எப்படிக் கேட்கிறது என்பதை இதைவிட நேராகச் சொன்ன பேய்ப்படம் எனக்குத் தெரியாது. திரைக்கதை எழுதிய கேரன் வால்டனுக்கு அந்த வயதுப் பெண்களின் பேச்சும் கோபமும் அத்துப்படி.

இங்கே நிலவு வந்ததும் மாறி, விடிந்ததும் திரும்புவதில்லை. நாள் நாளாக, கொஞ்சம் கொஞ்சமாக அக்கா கைவிட்டுப் போகிறாள். தங்கை வச்சநாபி இனத்துச் செடியிலிருந்து மருந்து காய்ச்சப் பாடுபடுகிறாள். கடைசியில் அக்காவின் இரத்தத்தைத் தன் உடலிலும் ஏற்றிக்கொள்கிறாள். முடிவில் அந்த நிலவறையில் நடப்பதை இங்கே எழுதமாட்டேன், பார்க்காதவர்கள் பாருங்கள். ஓநாயாக வரும் பொம்மை அப்படியொன்றும் பிரமாதமாக இருக்காது. எனக்கு அது உறுத்தவே இல்லை.

இரவுக்காட்சி எழுதியது:

தேன்மொழி சொன்ன கடைசி வாக்கியம் எனக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டது. பொம்மை சுமார்தான், படம் உச்சம். 2010 படத்தில் ஒப்பனை உச்சம், படம் சுமார். அப்படியென்றால் பழி முழுவதையும் உருமாற்றக் காட்சியின்மேல் போடமுடியாது.

நல்ல படங்களை வரிசையாக நினைத்துப் பார்த்தேன். 1941இல் வெள்ளிப் பூண் போட்ட கைத்தடியால் ஓநாயை அடித்துக் கொல்கிறார் கிளாட் ரெயின்ஸ். கீழே கிடப்பது தன் மகன் என்று அவருக்கு அப்போதுதான் தெரிகிறது. 'தி ஹவ்லிங்' முடிவில் தொலைக்காட்சி நேரலையில் செய்தி வாசிக்கும் கேரனே மாறுகிறாள், நண்பன் சுடுகிறான். 1981 லண்டன் படத்தில் செவிலி அலெக்ஸ் சந்துக்குள் ஓநாயின் முன்னே போய் நிற்கிறாள். 'ஜிஞ்சர் ஸ்னாப்ஸ்' முழுவதுமே தங்கையின் கதை. ஓநாயை நேசிக்கும் ஒருவர், அந்த ஓநாயை என்ன செய்வது என்று முடிவெடுக்கவேண்டிய நிலை. இந்த வகையின் உயிர் அங்கேதான் இருக்கிறது என்று உறுதியாக நம்புகிறேன். இரத்தக்காட்டேரி தன் கதையைத் தானே பேசும், வசியம் செய்யும், பல நூறு ஆண்டு வாழும். ஓநாயாக மாறியவன் ஊமை. அவனுக்காக உணர இன்னொருவர் வேண்டும். அந்த இன்னொருவரை எழுதத்தான் ஆட்கள் இல்லை.

இதோடு விடியலும் வேண்டும். லண்டன் படத்தில் டேவிட் விலங்குக்காட்சி சாலையில், ஓநாய்க் கூண்டுக்குள் அம்மணமாகக் கண்விழிக்கிறான். செய்தது எதுவும் நினைவில்லை. பிறகு அவன் கொன்றவர்கள் சிதைந்த உடலோடு வந்து உட்கார்ந்து, நீ செத்தால்தான் எங்களுக்கு விடுதலை என்று பேசுகிறார்கள். பிக்காடிலியில் ஒரு தொலைபேசிக் கூண்டிலிருந்து வீட்டுக்கு அழைக்கிறான். அப்பா அம்மா இல்லை, தங்கையிடம் பேசுகிறான். எல்லாரையும் நேசிக்கிறேன் என்று சொல்லச் சொல்கிறான். அழைப்பை வைத்ததும் பேனாக்கத்தியால் மணிக்கட்டை அறுக்கப் பார்க்கிறான், முடியவில்லை. எல்லாரும் புகழும் உருமாற்றக் காட்சியைவிட இந்தக் காட்சிதான் என்னை ஒவ்வொரு முறையும் உடைக்கிறது. 2025 படத்தில் மனைவியும் மகளும் இருக்கிறார்கள், நேசமும் இருக்கிறது. ஆனால் கதையை ஒரே இரவுக்குள் அடக்கிவிட்டார்கள். அவன் கண்விழித்துத் தன் கைகளைப் பார்க்கும் காலைப்பொழுது வரவே இல்லை. அவன் குற்றவுணர்வு கொள்ள நேரமில்லை, அவளும் தயங்க நேரமில்லை.

நெல்லைவாசி எழுதியது:

உங்கள் அளவுகோல்படி 'டாக் சோல்ஜர்ஸ்' தோற்றுப்போகுமே நண்பரே? அதில் காதலும் இல்லை, குடும்பமும் இல்லை.

இரவுக்காட்சி எழுதியது:

சார்ஜென்ட் வெல்ஸை நினைத்துப் பாருங்கள். காயம்பட்ட அவர் உள்ளுக்குள் மாறத் தொடங்கிவிட்டார், அது அவருக்கே தெரியும். தன் சிப்பாய் கூப்பரைப் பாதாள அறைக்குள் அனுப்பிவிட்டு, எரிவாயுவைத் திறந்துவிட்டு வீட்டோடு தன்னையும் வெடிக்கவைக்கிறார். படம் முழுக்கக் கூப்பர் அவரைத் தூக்கிச் சுமந்ததைப் பார்த்தபின் அந்த இடம் வருகிறது. அதற்குப் பெயர் நேசம் இல்லாமல் வேறென்ன?

நெல்லைவாசி எழுதியது:

ஷான் பெர்ட்வீ நடித்த அந்த இடத்துக்கு இந்த விளக்கம் சரியாகவே பொருந்துகிறது. ஆனால் முழுப் படத்தையும் தூக்கி நிறுத்துவது முற்றுகைதான் என்பதில் நான் மாறமாட்டேன். பயமும் வேகமும் இல்லாத படத்தில் நேசம் மட்டும் இருந்து பயனில்லை.

வைகைக்கரை எழுதியது:

"பஞ்சம்" என்ற சொல்லையே நான் ஏற்கவில்லை. நாம் ஹாலிவுட் பெருநிறுவனங்களை மட்டும் பார்த்துக்கொண்டு பஞ்சம் என்கிறோம். 2014இல் டென்மார்க்கிலிருந்து 'வென் அனிமல்ஸ் ட்ரீம்' வந்தது. அதே ஆண்டில் பார்வையற்ற முன்னாள் படைவீரர் ஒருவர் ஓநாயை எதிர்கொள்ளும் 'லேட் ஃபேஸஸ்' வந்தது. 2020இல் அயர்லாந்தின் கார்ட்டூன் சலூன் என்ற அனிமேஷன் நிறுவனம் எடுத்த 'வுல்ஃப்வாக்கர்ஸ்'. 1650இன் கில்கென்னி நகரம், காட்டை அழித்து ஓநாய்களைக் கொல்ல நினைக்கும் ஆங்கில ஆட்சியாளன், ஓநாய் வேட்டைக்காரனின் மகளே ஓநாயாகும் கதை. குழந்தைகள் படம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஓநாயாவதைச் சாபமாகக் காட்டாமல் விடுதலையாகக் காட்டுகிற துணிவு எத்தனை பெரியவர்கள் படத்துக்கு இருக்கிறது? இரவுக்காட்சி சொன்ன "ஓநாயை என்ன செய்வது" என்ற கேள்விக்கு, கொல்லாமலும் ஒரு பதில் உண்டு என்று அந்தப் படம் சொல்கிறது. மகளுக்காக அப்பா எடுக்கும் முடிவைப் பாருங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் மேலே நான் வைப்பது பிரேசில் படமான 'குட் மேனர்ஸ்' (2017). ஜூலியானா ரோஜாஸ், மார்க்கோ துத்ரா இருவரும் சேர்ந்து இயக்கியது, லொகார்னோ விழாவில் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசு பெற்றது. சாவோ பாவ்லோ நகரத்தின் விளிம்பில் வாழும் கறுப்பினப் பெண் கிளாரா, கர்ப்பமாக இருக்கும் பணக்கார வெள்ளைப் பெண் ஆனாவின் வீட்டுக்கு வேலைக்கு வருகிறாள். முழுநிலவு இரவுகளில் ஆனா தூக்கத்தில் நடக்கிறாள், இறைச்சிக்காக அலைகிறாள். இருவருக்கும் இடையில் காதல் மலர்கிறது. (கதைமுடிச்சு வேண்டாதவர்கள் இந்தப் பத்தியை இத்தோடு நிறுத்துங்கள்.) குழந்தை தாயின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு பிறக்கிறது. தாய் இறந்துவிடுகிறாள். கிளாரா அந்தக் குழந்தையை விட்டுவிட்டு ஓடியிருக்கலாம். எடுத்து வளர்க்கிறாள். இறைச்சியே கண்ணில் காட்டாமல் வளர்க்கிறாள். முழுநிலவு வந்தால் சிறிய அறையில் சங்கிலியால் கட்டிவைத்துவிட்டு, காலையில் போய் அவிழ்த்துவிடுகிறாள். அந்தக் காலைப்பொழுதுகள்தான் நீங்கள் தேடும் காலைப்பொழுதுகள். பெற்ற பிள்ளையும் இல்லை, தன் வர்க்கமும் இல்லை, தன் நிறமும் இல்லை. ஆனாலும் தீப்பந்தம் ஏந்திய கூட்டம் கதவை உடைக்கும்போது அவள் எந்தப் பக்கம் நிற்கிறாள் என்று பாருங்கள்.

தேன்மொழி எழுதியது:

வைகைக்கரைக்கு நன்றி, 'குட் மேனர்ஸ்' பெயரை இன்றுதான் கேள்விப்படுகிறேன்.

இந்தியாவில் 'பேடியா' (2022) பற்றி யாரும் சொல்லவில்லையே? அருணாசலப் பிரதேசக் காட்டை அழித்துச் சாலைபோட வருபவனே ஓநாயாகிறான் என்பது நல்ல கரு. கிராஃபிக்ஸும் உறுத்தவில்லை. ஆனால் கரு கனக்கத் தொடங்கும் இடத்திலெல்லாம் நகைச்சுவைக்குத் தாவிவிடுகிறார்கள். நம் நாட்டில் இந்தப் பயம் ஓநாயைவிடப் புலியோடுதான் சேர்ந்தது என்று நினைக்கிறேன். 1992இல் மகேஷ் பட் எடுத்த 'ஜுனூன்' படத்திலும் நாயகன் புலியாகத்தான் மாறுகிறான்.

பழங்கதைப்பித்தன் எழுதியது:

தேன்மொழி சொல்வது சரி. எந்த விலங்கு உண்மையிலேயே ஆட்டையும் ஆளையும் தூக்கிப்போனதோ, அந்த விலங்குதான் கதையில் மனிதனாகும். 1764 முதல் 1767 வரை பிரான்சின் ஜெவோடான் பகுதியில் ஒரு விலங்கு நூறுபேர் அளவில் கொன்றது. பலியானவர்களில் பெரும்பாலோர் மாடுமேய்த்த பெண்களும் சிறுவர்களும். அரசரே வேட்டைக்காரர்களை அனுப்பினார். கடைசியில் ஜான் ஷாஸ்தெல் என்ற உள்ளூர்க்காரர் சுட்டார். 'பிரதர்ஹுட் ஆஃப் தி வுல்ஃப்' (2001) இதைத்தான் எடுத்துக்கொண்டது, எடுத்துக்கொண்டு சண்டைப்படமாக்கிவிட்டது. அந்தச் சிறுவர்களின் பக்கத்திலிருந்து அந்தக் கதையை யாராவது சொல்லவேண்டும் என்று பல ஆண்டாக ஏங்குகிறேன்.

இப்போதைக்கு என் நம்பிக்கை எக்கர்ஸின்மேல். 'வேர்வுல்ஃப்' என்ற பெயரில் பதின்மூன்றாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் நடக்கும் படம், 2026 டிசம்பர் வெளியீடு என்று அறிவித்திருக்கிறார்கள். 'தி விட்ச்' படத்தில் ஒரு குடும்பம் தன் மகளையே சூனியக்காரியென்று நம்பிச் சிதைவதைக் காட்டியவர். நம்பிக்கையால் வாழும் காலத்துக்குள் புகுந்து படமெடுக்கத் தெரிந்தவர்.

ஒப்பனைக்காரர் எழுதியது:

எக்கர்ஸ் படத்தில் ஒப்பனைக்கு உரிய இடம் கிடைக்கும் என்று நானும் நம்புகிறேன். 'நோஸ்ஃபெராட்டு'வில் பில் ஸ்கார்ஸ்கார்டை அடையாளமே தெரியாதபடி மாற்றியிருந்தார்கள். 2025 படத்தைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். கதை எப்படியோ, கிறிஸ்டபர் அபட்டின் முகத்தில் அர்யன் டைட்டன் குழு செய்தது பெரும்பாலும் கைவேலை. முடி அதிகமில்லாமல், நோயாளியைப்போல் காட்டியதைப் பலர் திட்டினார்கள். எனக்குப் பிடித்திருந்தது. தோல் உரிவதையும் பல் விழுவதையும் காட்டும்போது, மருத்துவமனையில் படுத்துக்கிடக்கும் உறவினரைப் பார்க்கும் சங்கடம் வந்தது. அந்த உழைப்புக்கு இன்னும் இரண்டு வாரக் கதைக்காலம் கிடைத்திருந்தால் இந்த இழையே தேவைப்பட்டிருக்காது.

இரவுக்காட்சி எழுதியது:

இரண்டு வாரக் கதைக்காலம், அதேதான் ஐயா!

வைகைக்கரை, 'குட் மேனர்ஸ்' நேற்றிரவு பார்த்துவிட்டேன். முதல் பாதி நிதானமாகப் போகிறது, நடுவில் பாட்டுகள்கூட வருகின்றன. தேன்மொழிக்குச் சொல்கிறேன், பொறுத்திருந்து பாருங்கள். ஏழு ஆண்டு தாண்டிக் கதை குதித்ததும் முற்றிலும் வேறு படமாகிறது. சிறுவன் யோவெல் இறைச்சித்துண்டை முதன்முதலில் சுவைத்துவிட்டு முகம் மலரும் இடத்தில், கிளாராவுக்கு என்ன ஆகும் என்ற பதைப்பில் படத்தை நிறுத்திவைத்துவிட்டு எழுந்து நடந்தேன்.

இந்த வார இறுதிக்கு 'வென் அனிமல்ஸ் ட்ரீம்' எடுத்துவைத்திருக்கிறேன். அதைப் பார்த்தவர்கள் இருந்தால், மகளுக்கும் நோயில் முடங்கிய தாய்க்கும் இடையிலான பகுதி எப்படி இருக்கிறது என்று கதை சொல்லாமல் எழுதுங்கள்.

வைகைக்கரை எழுதியது:

அந்தப் பகுதிக்காகவே பார்க்கலாம். அம்மா ஒரு சொல்லும் பேசமாட்டார், கண்களை மட்டும் கவனியுங்கள். பார்த்துவிட்டு வாருங்கள், அப்பா செய்தது சரியா தவறா என்று அதன்பின் பேசுவோம். எனக்கு அவர்மேல் கடும் கோபம் இருக்கிறது.